திபேரியுவின் கணினி அணையவில்லை

இரவு மணி பதினொன்று தாண்டியிருக்கும். ருமேனியாவில் க்ளுஜ் நகரத்து எல்லை. பனி இறங்கிய தொழிற்பேட்டைச் சாலை... ஒரு நாய்கூடக் கிடையாது. அதில் தனியாக வண்டி ஓட்டிப் போனான் லிவியு. நம் பக்கத்து வீட்டு வியோரிகாவின் தம்பி. அவள் சொன்னதுதான் இது.

பெரிய சிக்கனக்காரன்! அவன் அலுவலகத்தில் எல்லாரும் எங்கோ தொலைவில் ஓடும் வாடகைக் கணினிகளில்தான் வேலை செய்வார்கள். அரை மணி நேரம் யாரும் விசையைத் தட்டாவிட்டால் கணினி தானாக அணைந்துவிடும். லிவியு செய்த ஏற்பாடு. இந்த மாதம் வாடகை குறையாவிட்டால் அவனுக்கே வேலை போய்விடும். எல்லாம் அணைந்தன. ஒன்றைத் தவிர... திபேரியுவுடையது. லிவியு கைபேசியிலிருந்து அணைத்துப் பார்த்தான். அணைத்த கையோடு விழித்துக்கொண்டது.

திபேரியு செத்து மூன்று வாரம்.

திபேரியுவோடு வேலை பார்த்த இலிங்காவை லிவியு வண்டியிலிருந்தே அழைத்தான்.

"திபேரியு மேசையில யாரு உக்காந்து தட்டுறது?"

"யாரும் இல்ல சார். நாற்பதாம் நாள் ஜெபம் முடியட்டும்னு அவர் இடத்தைத் தொடாம வச்சிருக்கோம்."

"ஓ! பேய்க்கும் நான் வாடகை கட்டணுமா? உங்க பாதிரியார் கட்டுவாரான்னு கேளு."

"சிரிக்காதீங்க சார். வீட்டுக்குப் போங்க."

"விசை மேல கரண்டியை வச்சு ஏமாத்துறீங்க. எனக்குத் தெரியாதா? நாளைக்கு அந்தக் கரண்டியை உங்க மூஞ்சியிலயே எறியறேன்!"

அலுவலகம் இருட்டு. அப்போதுதான் அணைத்த மெழுகுவத்தியின் வாசனை. உள்ளே... டக். டக்-டக். டக்.

"ஓவர்டைம் கிடையாதுடா, திபேரியு!" என்று சிரித்தபடி டார்ச் அடித்தான்.

விசைகள் மேல் ஒன்றுமில்லை. தாமாகவே அமுங்கின... எழுந்தன. வயரைப் பிடுங்கினான். சத்தம் நிற்கவில்லை. ஆத்திரத்தில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான்.

நின்றது.

அங்கேயே நின்று கைபேசியில் திபேரியுவின் வாடகைக் கணினியை ஒரேயடியாக அழித்தான்.

வாடகை குறைந்தது. முதலாளி கை குலுக்கினார். குலுக்கிய கைக்குள் லிவியுவின் விரல்கள் விசை தட்டுவதுபோல் ஆடிக்கொண்டே இருந்தன...

மாத்திரை போட்டால் லிவியு தூங்குவான். விரல்கள் தூங்காது. போர்வை மேல்... தொப். தொப்-தொப்.

ஓர் இரவு அவன் மனைவி கோரினா அந்த விரல்களுக்கு அடியில் ஒரு விசைப்பலகையை வைத்தாள். திரையில் வந்ததை முழுதும் படித்தாள்.

"என்னடீ எழுதினான்?" வியோரிகா எத்தனை தரம் கேட்டிருப்பாள்!

"கேக்காதீங்க அக்கா."

அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அந்தப் படுக்கையறை விளக்கை மட்டும் கோரினா அணைப்பதே இல்லை.