வாசலில் ஒரு நாற்காலிக்காரன்

— எடி லிஜி, கட்டன் சாயா கேட்டு எவ்வளவு நேரமாச்சு?

— வாசல்ல உக்காந்துக்கிட்டு அடுக்களைக்கு ஃபோன் போடுற புருஷன் இந்தப் பாலா ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் இச்சாயா.

— தகர ஷீட்டுல மழை கொட்டுது. கத்தினா உனக்குக் கேக்கவா போகுது? எந்திரிச்சு வரவும் முடியல, இந்தக் கேம்ல வசமா மாட்டிக்கிட்டேன்.

— இன்னும் அந்த வீட்டை விட்டு வெளிய வரலையா?

— எப்படி வர்றது? வாசல்ல நாற்காலி போட்டு ஒருத்தன் உக்காந்திருக்கான். கப்பைக்கிழங்கு குடுத்தேன், மத்தி மீன்கறி குடுத்தேன். எல்லாத்தையும் தின்னுட்டு, "மழை விடட்டும், போகலாம்"ங்கறான். அந்த வீட்டுல மழை விடுறதே இல்லைடி!

— சண்டை போட்டுப் பார்த்தீங்களா?

— கேம்ல நான் பிடிச்சு வச்ச பூதம்லாம் தயாரா நிக்குது. பலாச்சக்கைப் பூதம் ஒண்ணு போதும், அவனை நசுக்கிடும். சண்டைக்கே வரமாட்டேங்கறானே! சிரிச்சுக்கிட்டே அதையேதான் சொல்றான்.

— சிரிச்சுக்கிட்டே சொல்றவங்களை ஒண்ணும் பண்ண முடியாது இச்சாயா.

— ஜப்பான்காரன் செஞ்ச பழைய கேம் எவ்வளவு ஜோரா இருந்துச்சு! பூதம் பிடிச்சோமா, ஊர் ஊரா போனோமான்னு. எவனோ வேலையத்தவன் அதைப் பிரிச்சுப்போட்டு, உள்ள நம்ம ஊரைத் திணிச்சு வச்சிருக்கான்.

— வேலை வேணும்னுதான் செஞ்சிருக்கும் அந்த ஜென்மம்.

— அது கிடக்கட்டும். நீ கட்டி வச்ச பையைப் பிரிச்சு வச்சிட்டியா?

— திங்கக்கிழமை பெங்களூர்ல வேலைக்குச் சேரணும். இன்னிக்கு ஆறு மணி பஸ்ஸை விட்டா வேற ஆளை எடுத்துக்குவாங்க. வாசல் கிரில் சாவியைக் குடுங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

— நான் வேண்டாம்னா சொன்னேன்? பேய்மழைடி கொச்சே. மழை விடட்டும், போகலாம்.

— கொச்சில வேலை வந்தப்போ வெயில் தாழட்டும்னீங்க.

— உன் நல்லதுக்குத்தானே! கேம் கம்பெனியில உனக்கென்ன வேலை? அப்படி எதைக் காட்டினே அவங்ககிட்ட?

— பொழுது போகாம வீட்டுல செஞ்சதைத்தான்.

— எனக்குக் காட்டவே இல்லையே?

— நீங்க கேக்கவே இல்லையே.

— சரி சரி, உடனே மூஞ்சியத் தூக்காதே. என்னடி, இப்படி மூச்சு வாங்குது?

— விறகு நகர்த்தறேன்.

— சாயாவுக்கு எதுக்குடி விறகு? சரி, நீ இதெல்லாம் ஆடுறவளாச்சே, இவன்கிட்டயிருந்து தப்பிக்க ஒரு வழி சொல்லு.

— முதல்ல அவன்கிட்டப் பேசறதை நிறுத்துங்க. திரும்பி அடுக்களைக்குப் போங்க. மூலையில விறகு இருக்கும், தள்ளுங்க.

— இரு... ஆமாடி! திருடனுக்குப் பயந்து நம்ம பின்கதவுல நான் அடுக்கி வச்சேனே, அச்சு அசலா அதே மாதிரி அடுக்கியிருக்கான். தள்றேன்... கர்த்தாவே! கதவுடி! ரப்பர் தோட்டம், அதைத் தாண்டி ரோடு... எடி, வெளிய மழையே இல்லை!

— இங்கயும் விட்டுடுச்சு. தூறல்தான்.

— இங்கயா? இங்க வாசல் தகரத்துல இன்னும் கொட்டுதே... அது என்ன, பஸ் ஹார்னா? லிஜி, எங்கடி இருக்கே?

— பஸ் வந்துடுச்சு இச்சாயா. சாயா ஃபிளாஸ்க்ல இருக்கு, நீங்களே எந்திரிச்சு எடுத்துக்கங்க.

— விளையாடறியா? திரும்பி வாடி! மழை விடட்டும், போகலாம்னு நான் சொன்னேன்ல!

— அந்த ஒரு வசனத்தைப் பார்த்துட்டுத்தான் இச்சாயா எனக்கு வேலையே குடுத்தாங்க.