தம்பிக்குக் கொடுத்த மாத்திரை

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள். காலடியில் பூச்சிமருந்துக் கடைப் பை. பஸ் கிளம்பியதும் கணவர் சொன்னார்:

“கொழுப்பு மாத்திரைய தம்பிக்குக் குடுத்துட்டேன். அவனுக்கு இப்பக் கூடியிருக்காம்.”

“அப்ப நீங்க?”

“எனக்குத்தான் டெஸ்ட்ல சரியா வந்துருச்சே. கொடிக்கு அடிச்சது போக மிச்ச மருந்த பக்கத்துத் தோட்டத்துக்குக் குடுக்குறதில்லையா?”

“மாத்திரை போட்டதாலதான சரியா வந்துச்சு! நம்ம திராட்சக் கொடியில ஒரு எலகூட கருகல. அப்புறம் எதுக்கு மருந்து வாங்கியிருக்கீக?”

“காலையில இருந்து மேகம் போட்டுக் கெடக்கு. மூட்டம் போட்டா கொடிக்கு நோவு வரும்; வந்த பெறகு அடிச்சு என்ன செய்ய?”

“ஒரு தடவ நெஞ்ச அடச்சு மதுரைக்குத் தூக்கிட்டு ஓடுனோம். இன்னொரு தடவ வராம இருக்கத்தான் இந்த மாத்திரைன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாக. நிறுத்தி எம்புட்டு நாளாச்சு?”

“பொங்கலுக்கு முன்னாடி.”

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னைக்குக் காலையில தோட்டத்துல நெஞ்சத் தடவிக்கிட்டு உக்காந்தீகளே?”

“அது வெயிலு தாங்கல.”

“மேகம் போட்டுக் கெடக்குன்னு இப்பத்தான சொன்னீக. வெயிலு எங்கன இருந்து வந்துச்சு?”

கணவரின் கை மறுபடியும் நெஞ்சுக்குப் போயிருந்தது.

“கண்டக்டர், நிறுத்துங்க! கம்பம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பணும்” என்று அந்த அம்மாள் எழுந்தார்.

பஸ் நின்றது. கணவர் பூச்சிமருந்துப் பையை எடுக்கக் குனிந்தார்.

“அது கெடக்கட்டும். எறங்குங்க.”