சின்ன அடுப்பு

லீக்கெல்லாம் ஒண்ணும் இல்லைங்க தம்பி. எத்தனை தடவைதான் அந்த ட்யூப்புக்குச் சோப்புத் தண்ணி தடவுவீங்க? ஒரு குமிழியாவது வந்துச்சா? வரலல்ல. சிலிண்டர் பதினெட்டே நாள்ல தீந்துபோகுதுன்னு நான் சொல்லவே இல்லையே. என் பொண்ணுதான் உங்க கேஸ் ஆபீசுக்குப் போன் பண்ணியிருப்பா. வெளியூர்ல உக்காந்துக்கிட்டு அவளுக்கு வேற வேலை என்ன.

இதே வீட்ல ஒரு சிலிண்டர் மூணு மாசம் வந்துச்சு, தெரியுமா? ரெண்டே பேருங்கிறதாலன்னு நெனைக்காதீங்க. மாடி வீட்லயும் ரெண்டு பேருதான், ஒன்றரை மாசம் தாங்காது. எல்லாம் என் கெட்டிக்காரத்தனம். பருப்ப முன்னாடியே ஊறப்போட்ருவேன். ஒரே குக்கர்ல அடுக்கு வெச்சு சோறு, பருப்பு, கிழங்கு மூணும். ரெண்டு விசில் வந்தா அணைச்சிருவேன், மிச்சம் அந்தச் சூட்லயே வெந்துக்கும். தீ அலையும்னு ஃபேன் போட விடமாட்டேன். மனுஷன் வேர்த்து ஊத்த ஊத்த வெங்காயம் உரிச்சுக் குடுப்பாரு. இவகிட்ட விட்டா சூரியனையே நாலு மணிக்கு அணைச்சிருவான்னு மாடி வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிச் சிரிப்பாரு, எங்க வீட்டுக்காரரு.

அடுப்பு காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை. நடுவுல யாரு கேட்டாலும் கெடையாது. அதான் எங்க வீட்டுச் சட்டம். நான் போட்டதுதான்.

ஐயோ, அந்தச் சின்ன அடுப்ப அணைக்காதீங்க. ட்யூப்ப கழட்டணுமா? கொஞ்சம் பொறுங்க. வெறும் தண்ணிதாங்க அது. காலையில எந்திரிச்சதுலேர்ந்து படுக்குற வரைக்கும் சிம்ல இருக்கும், வத்த வத்த ஊத்திக்குவேன். பிளாஸ்க்கா? அதோ மேல் தட்டுல இருக்கு பாருங்க, பொண்ணு அனுப்பினது. இன்னும் பெட்டியக்கூடப் பிரிக்கல.

அவருக்கு ரெண்டு நாளா சளி. நெஞ்சு பாரமா இருக்குன்னாரு, சாயங்காலம் டாக்டர்கிட்ட போலாம்னு இருந்தோம். மதியம் மூணரை இருக்கும். கொஞ்சம் சுடுதண்ணி குடேன்னாரு. ஆறு மணிக்கு அடுப்பு பத்தவைப்பேன்ல, அப்ப சேத்து வெச்சுத் தரேன்னேன். சரின்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. ஒரு சத்தம் போட்டிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். சரின்னாரு பாருங்க, அதான் என்னால தாங்க முடியல.

ஆறு மணிக்கு மொதல்ல அவரு தண்ணியத்தான் வெச்சேன். சத்தியமா. டம்ளரோட போயி தொட்டு எழுப்புறேன், அவரு கை சில்லுன்னு இருக்கு. என் கையில டம்ளர் கொதிக்குது.

சரி, கழட்டித்தான் ஆகணும்னா கழட்டிக்கங்க, நான் தடுக்கல. அதுக்கு முன்னாடி இந்தாங்க, இத குடிங்க. வந்ததுலேர்ந்து இருமிக்கிட்டே இருக்கீங்க, கேக்கக்கூடத் தோணலையே உங்களுக்கு.