சிரித்தால் யோகோசுனா இல்லை

“பல்லைக் காட்டினதாலதான் அவனுக்குப் பதவி கிடைக்கேல்லை” என்று ஃபிஞ்ச் வீதி பஸ்ஸில் என் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. பேச்சுக்குரியவன் ஒரு சுமோ வீரன். பேசிய இருவரும் ஒரு ஜப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவுபவர்கள். முதலாளி தரும் சுமோ கசெற்றுகளை ஒன்றுவிடாமல் பார்ப்பவர்கள்.

“ரண்டு சுற்றுப்போட்டி அடுத்தடுத்து வெண்டவன், அண்ணை. யோகோசுனா ஆக்கியிருக்க வேணும்.”

“உச்சப் பட்டமடா அது. வெண்டால் மட்டும் காணாது, அடக்கம் வேணும். வெண்ட உடன சிரிக்கிறவனுக்கு ஆர் குடுப்பான்?”

“இருநூறு கிலோ மனிசன் சிரிப்பை எங்கை ஒளிக்கிறது?”

முன் சீட்டு அன்ரி மரக்கறிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார்.

“யோகோசுனாவைப் பிறகு இறக்கேலாது, தெரியுமோ? தோத்துக்கொண்டிருந்தால் விட்டிட்டு வீட்டை போகவேணும். அதாலதான் முதலாளி என்னை உயர்த்தி மீன் வெட்ட வரச்சொல்ல நான் மாட்டனெண்டனான். கோப்பை கழுவுறவனை இதுக்குக் கீழ எங்கை இறக்கிறது?”



“அண்ணை, அந்த வேலையை எனக்குத் தந்திட்டார்.”

“எப்பயடா?”

“நீங்கள் மாட்டனெண்ட கையோட. நான் பல்லையும் காட்டிப்போட்டன்.”