பச்சை முடிச்சு

என் பெயர் வலியுல்லா. வயது இருபத்துமூன்று. சொந்த ஊர் ஆம்பூர். இப்போது சைதாப்பேட்டை சப்ஜெயிலில், கிணற்றுப் பக்கத்து அறையில் இருக்கிறேன். இங்கே காற்று நன்றாக வருகிறது. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். அதனால் நான் சொல்லச் சொல்லக் ஜெயில் குமாஸ்தா பத்ரிநாராயணன் எழுதுகிறார். என் பேச்சைப் படிக்கிற மாதிரித் திருத்திக்கொள்வதாகவும், விஷயத்தில் கை வைக்க மாட்டேன் என்றும் சொன்னார். அது போதும். இது ஆம்பூரில் இருக்கும் என் அக்கா ஜஹனாராவுக்குப் போய்ச் சேர வேண்டும். அவளுக்கும் படிக்க வராது. யாராவது படித்துக் காட்டுங்கள்.

நான் பஞ்சு கொட்டுகிறவன். வில்லின் தந்தியைப் பஞ்சில் வைத்துக் கட்டையால் தட்டினால், அடைந்து கிடந்த பஞ்சு பிரிந்து எழும்பும். எவ்வளவு பழைய பஞ்சானாலும் ஒரு மணி நேரம் தட்டினால் புதுசு மாதிரி ஆகிவிடும். அப்பா சொல்லிக்கொடுத்த வேலை இது ஒன்றுதான்.

அக்காவின் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனவர். இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. அவளையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நான் பட்டணம் வந்தது போன ஆடியில். ராயப்பேட்டையில் ஒரு மரக்கடை ஓரமாகப் படுத்திருந்தோம். மயிலாப்பூரில் வக்கீல் சுவாமிநாதன் வீட்டுப் பெண்கள் பஞ்சுப் போர்வை தைக்கிறார்கள், பஞ்சு கொட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வக்கீலின் மனைவி சுப்புலக்ஷ்மி அம்மாள்தான் அந்தத் தையல் சங்கத்துக்குத் தலைவி. பெட்ரோல் கிடைக்காமல் காரை விற்றுவிட்டதால் தோட்டத்துக் கோடியில் கார் கொட்டகை காலியாக இருந்தது. பஞ்சு கொட்ட அதைத் தந்தார். இரண்டாவது வாரம் அக்காவையும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, "அவாளும் இங்கேயே இருந்துட்டுப் போகட்டுமே, கதவு இருக்கு, கூரை இருக்கு" என்றார். என் அக்கா அன்றைக்குத்தான் பட்டணத்தில் முதல்முறையாகத் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கினாள்.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் பகல் இரண்டு மணிக்குச் சங்கம் கூடும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பழைய புடவைகளை வெட்டி ஒட்டுப்போட்டு மேல்துணி செய்வார்கள். அடியில் ஒரு துணி, நடுவில் என் பஞ்சு. பஞ்சு நகராமலிருக்க நான்கு மூலையிலும் நடுவிலும் நூலை இழுத்து முடிச்சுப் போட வேண்டும். அந்தக் கனத்த ஊசியை இழுக்க ஆண் கை வேண்டும் என்பதால், உள்ளே பஞ்சு பரப்புவதும் முடிச்சுப் போடுவதும் என் வேலை. பட்டணத்தில் போர்வைக்கு என்ன தேவை என்று நினைக்கலாம். ஐப்பசி வெள்ளத்தில் அடையாற்றங்கரைக் குடிசைகள் எல்லாம் போய்விட்டன. அநாதையான பிள்ளைகளை ஒரு பெரிய ஓலைக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். தரை மார்கழி வரை காயவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் சங்கம் தைத்தது. பட்டினப்பாக்கத்து முத்தம்மா அங்கே சமைத்துப்போட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வை வாங்கிப்போக அவள்தான் வருவாள்.

"இன்னா பாய், இது பஞ்சா மேகமா? கைய எட்த்தா பறந்துடும் போல கீதே" என்பாள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் வருஷம் ஏதோ ஒரு போர்வைக்குள் ஊசி தங்கிப்போய் ஒரு குழந்தையின் முதுகில் ஏறிவிட்டதாம். அதிலிருந்து, கட்டுக்குப் பன்னிரண்டு போர்வையில் ஒன்றை எடுத்து, சங்கத்தார் வீட்டுக் குழந்தை ஒன்றுக்குப் போர்த்தி, ஒரு மத்தியானத் தூக்கம் தூங்கவைத்த பிறகுதான் கட்டு வெளியே போகும். "நம்மாத்துக் குழந்தை படுக்காத போர்வையை இன்னொரு குழந்தைக்குக் குடுக்கப்படாது" என்று சுப்புலக்ஷ்மி அம்மாள் எல்லாரிடமும் சொல்வார். பெரும்பாலும் படுப்பது அவருடைய பேத்தி நீரஜா. மூன்று வயது. என்னைப் பஞ்சு மாமா என்பாள். கொட்டகை வாசலில் நின்று பஞ்சு பறப்பதைப் பார்த்துக் கை தட்டுவாள். குழந்தையின் மேல் சிறு கீறல் தெரிந்தாலும் கட்டு முழுவதையும் பிரித்துப் பஞ்சை உதறிப் பார்ப்பார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை தொடக்கத்தில் பஞ்சு நின்றுவிட்டது. யுத்தத்துக்குப் போகிறது என்றார்கள். நான் நடக்காத கடை இல்லை. சுப்புலக்ஷ்மி அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "பொங்கலுக்குள்ள அறுபது போர்வை தரேன்னு வாக்குக் குடுத்துட்டேன், வலியுல்லா. பஞ்சு இல்லேன்னா சங்கத்தை மூடிட வேண்டியதுதான். கொட்டகையை யாரோ சாமான் போட்டுக்கக் கேக்கறா, அவாளுக்குக் குடுத்துடுவேன். நீயும் வேற இடம் பாத்துக்கோப்பா" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா அப்போது வாசலில் பெரியவனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது. பிறகு மறுபடி வாரத் தொடங்கினாள்.

சர்தார் எனக்கு மரக்கடைப் பழக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரியம்மை கண்டவர்களைக் கொண்டுபோய்ப் படுக்கவைக்க ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். அவனுக்கு அங்கே வேலை. படுக்கை காலியானால் அந்த மெத்தையை எரித்துவிட வேண்டும். படுக்கை எப்படிக் காலியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காமல் மெத்தைகள் ஒரு குழிக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன. நல்ல பஞ்சு. மேல்துணி மட்டும்தான் கெட்டிருந்தது. துணியை அங்கேயே குழியில் போட்டுவிட்டு, பஞ்சை மட்டும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டேன். கார்த்திகை வெயில்தான். ஆனாலும் வெயிலில் காய்ந்த பஞ்சில் ஒன்றும் இருக்காது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அதைக் கொட்டுகிறபோது வாயில் துணி கட்டிக்கொண்டேன். தூசிக்காக. எனக்கு ஆறு வயதிலேயே பெரியம்மை போட்டிருக்கிறது, முகத்தில் தழும்பு இருக்கிறது, அதனால் எனக்கு மறுபடி வராது. சங்கத்துப் பெண்கள் எல்லாரும் அம்மை குத்திக்கொண்டவர்கள். அந்த நாட்களில் அக்காவையும் பிள்ளைகளையும் கடற்கரைக்கு அனுப்பிவிட்டேன். காற்று வாங்கட்டும் என்று.

இங்கே பத்ரிநாராயணன் எழுதுவதை நிறுத்திவிட்டு, "தெரிஞ்சுண்டேதான் பண்ணினாயா?" என்று கேட்டார். இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர் பேனாவைத் துடைத்துவிட்டு எழுதினார்.

பழைய நல்ல பஞ்சு என்னிடம் ஒரு கோணி மீதியிருந்தது. அதில் முதலில் அக்கா பிள்ளைகள் இருவருக்கும் இரண்டு போர்வை செய்தேன். மிச்சத்தில் கட்டுக்கு ஒரு போர்வை வீதம் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. அடையாளத்துக்கு வெள்ளை நூலுக்குப் பதில் பச்சை நூலில் முடிச்சுப் போட்டேன். ஒவ்வொரு கட்டிலும் பச்சை முடிச்சுப் போர்வையை மேலே வைப்பேன். சுப்புலக்ஷ்மி அம்மாள் எப்போதும் மேலே இருப்பதைத்தான் எடுப்பார். நீரஜா அதில் தூங்கி எழுந்திருப்பாள். கட்டு வெளியே போகும். மூன்று கட்டு அப்படிப் போயிற்று.

முத்தம்மா மார்கழி நடுவில் வந்தபோது வேடிக்கை பேசவில்லை. "பாய், ஒம்பது புள்ளைங்க மேல அம்மா எறங்கிட்டா. ரெண்டு நேத்து போய்ட்ச்சி" என்றாள். நான் வில்லைக் கீழே வைத்தேன். வெள்ளத்துக்குப் பிறகு ஊரெல்லாம் அம்மைதானே என்றேன். அது உண்மையும்கூட. அந்தப் பிள்ளைகளுக்கு அம்மை குத்துகிறவர் தை பிறந்துதான் வருவதாக இருந்தது. அவர் முன்னாலேயே வந்திருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை.

அவள் போகாமல் நின்றாள். "நா ஒண்ணு பாத்தேன் பாய். பச்ச முடிச்சு போட்ட போர்வைல பட்த்த புள்ளைங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆவல. மூணு புள்ளையும் கல்லு கணக்கா கீது. பச்சன்னா ஆத்தாளுக்குப் புட்ச்ச கலரு, வேப்பில கலரு. எல்லாத்துக்கும் பச்சையே போடு பாய். ஒனக்கு இன்னா, நூலுதானே?"

நூல்தான். நான் மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். சுப்புலக்ஷ்மி அம்மாளும் கேட்பார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மீதிப் போர்வைகளின் வெள்ளை முடிச்சுகளை அவிழ்த்துப் பச்சை போட்டேன். சங்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். ஆனாலும் அவர்கள் வீட்டிலிருந்து பச்சை நூல் கண்டுகள் வந்தன. ஓலைக் கொட்டகையில் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று முத்தம்மா சொல்லியனுப்பினாள். நோய் கண்ட குழந்தைக்கும் காணாத குழந்தைக்கும் பச்சை முடிச்சைப் போர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தார்களாம், இனிப் பயமில்லை என்று.

அவளே மறுபடியும் ஒரு நாள் வந்தாள். தன் கடைசிப் பெண்ணையும் ஓலைக் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "எம் பொண்ணுக்குன்னு தனியா ஒண்ணு குடு நைனா. ஒங் கையால முடிச்சு போட்டது" என்றாள். நல்ல பஞ்சில் செய்தது அப்போது மூன்று மிச்சமிருந்தது. இரண்டு அக்கா பிள்ளைகளுடையவை. ஒன்று அடுத்த கட்டுக்கு மேலே வைக்க வேண்டியது. யோசித்துத்தான் பார்த்தேன். குவியலிலிருந்து ஒன்றை எடுத்து, அவள் கண் முன்னாலேயே பச்சை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். என் தலையைத் தடவி நெட்டி முறித்தாள்.

கடைசிக் கட்டு பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை. பன்னிரண்டையும் அடுக்கி, நல்லதை மேலே வைத்துக் கூடத்தில் கொண்டுபோய் இறக்கினேன். சுப்புலக்ஷ்மி அம்மாள் மேலே இருந்ததை விரித்தார். நீரஜா முகத்தைச் சுளித்தாள்.

"இது வேண்டாம். கிளி வேணும்."

அடுக்கில் நாலாவதாக ஒரு போர்வையின் ஓரத்தில் கிளி போட்ட புடவைத் துண்டு தெரிந்தது.

"எல்லாம் ஒண்ணுதானேடி" என்றார் பாட்டி.

"கிளி!"

"சரி, கிளி. எதுவானா என்ன, எல்லாத்துலயும் பச்சை முடிச்சு இருக்கே." சிரித்துக்கொண்டே உருவினார். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். குழந்தை அதைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கிளித் துண்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டது.

நான் கதவோரம் நின்றேன். அதில் ஊசி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வழக்கப்படி கட்டு முழுவதையும் பிரிப்பார்கள். எத்தனை கொட்டினாலும் மஞ்சள் போகாத திட்டுகள் அந்தப் பஞ்சில் இருந்தன. பார்த்தால் எங்கே வாங்கினாய் என்று கேட்பார்கள். அக்கா மறுபடி மரக்கடை ஓரத்தில் படுப்பாள். இது எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் தோன்றியது. குழந்தைக்கு அம்மை குத்தியிருக்கும் என்றும் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து சுப்புலக்ஷ்மி அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், "இவளுக்கு இன்னும் குத்தலே. சளி, சளின்னு தள்ளிண்டே போறது. தை பொறக்கட்டும்" என்றார்.

"வலியுல்லா, ஏன் வேர்க்கறது உனக்கு? போய்த் தண்ணி குடி" என்றும் சொன்னார்.

நான் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து கதவோரம் நின்றேன். நீரஜா இரண்டு மணி நேரம் தூங்கினாள். நடுவில் ஒருமுறை புரண்டாள். போர்வை விலகியது. நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். பாட்டி எழுந்துபோய் மறுபடி இழுத்துப் போர்த்தினார்.

பன்னிரண்டாம் நாள் ஜுரம் வந்தது. அதற்குப் பின் பதினொரு நாள் இருந்தாள். வேப்பிலை பறித்துக் கொடுத்தது நான்தான். கேட்ட நேரமெல்லாம் பறித்தேன், ஒருநாளும் அலுத்துக்கொள்ளவில்லை. சுப்புலக்ஷ்மி அம்மாளிடம் கேட்டால் சொல்வார்.

பிறகு சர்தார் ஒரு மெத்தையோடு பிடிபட்டு என் பெயரைச் சொன்னான். அதில் எனக்குக் கோபம் இல்லை. சார்ஜ் ஷீட்டில் பதினான்கு குழந்தைகள் என்று இருக்கிறது. முத்தம்மாவின் பெண்ணும் அதில் உண்டு. என் கணக்குக்குப் பதிமூன்றுதான் வந்தது. வாதாடவில்லை. பிள்ளைகள் ஈரத் தரையில் கிடக்கக் கூடாது என்பதற்காகப் பஞ்சு தேடினேன், அக்காவுக்குக் கூரை வேண்டும் என்பதற்காகப் பேசாமலிருந்தேன். கெட்ட எண்ணத்தில் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பஞ்சில்தான் ஏதோ இருந்தது என்பதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி என் வேண்டுகோள். என்னைப் பிடித்த அன்று கார் கொட்டகையை ஒரு மணி நேரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அக்கா யாரையோ பிடித்து ஒரு கார்டு எழுதிப்போட்டிருக்கிறாள். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாகவும், புறப்பட்ட அவசரத்தில் கைக்குக் கிடைத்த இரண்டு பச்சை முடிச்சுப் போர்வைகளை எடுத்து வந்ததாகவும், பிள்ளைகள் கதகதப்பாகத் தூங்குவதாகவும் எழுதியிருக்கிறாள். கொட்டகையில் அன்று ஏழு போர்வைகள் கிடந்தன. ஏழிலும் பச்சை முடிச்சு. அவள் சரியான இரண்டைத்தான் எடுத்திருப்பாள். பிள்ளைகளுடைய போர்வைகளின் உள் ஓரத்தில் என் பழைய லுங்கியைக் கிழித்து நீலக் கட்டம் வைத்துத் தைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர் யாரானாலும், முதலில் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு குச்சியால் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். நீலக் கட்டம் இல்லாவிட்டால் அக்காவைத் தொடவிடாமல் இரண்டையும் எரித்துவிடுங்கள். தயவுசெய்து இன்றைக்கே.