டெஸ்ட் பண்ணிட்டுத் தரேன்

லோகேஸ்வரி: அண்ணே, செகண்ட் ஹேண்ட் கேமரா டெஸ்ட் பண்ண கல்யாண மண்டபத்துக்கா வரச் சொல்லுவாங்க? நான் மாமாக் கடை மாதிரி டீக்கடை ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.

குகன்: மாமாக் கடையில என்ன சிஸ்டர் இருக்கு, தே தாரிக் டீ ஆத்துறதை வீடியோ எடுக்கவா? இங்க பாருங்க... பட்டுப்புடவை, தங்கம், சிவப்பு லைட்டு, நீல லைட்டு, ஓமப்புகை. இதுல மொகம் ஒழுங்கா விழுந்துச்சுன்னா எங்கயும் விழும்.

லோகேஸ்வரி: நீங்க மாப்பிள்ளை பக்கமா, பொண்ணு பக்கமா?

குகன்: ரெண்டும்தான்.

லோகேஸ்வரி: அது எப்படி...

குகன்: கிள்ளான் ஊருல எல்லாரும் சொந்தம்தான் லா. கேமராவைக் காட்டுங்க.

லோகேஸ்வரி: இந்தாங்க, மெதுவா. வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆச்சு. சமையல் சேனல் ஆரம்பிக்கலாம்னு வாங்கினேன். சமையல்தான் வரல. கூட வந்த லென்ஸு அதுலயே இருக்கு.

குகன்: அதைக் கழட்டிடுங்க. என்கிட்ட லென்ஸ் இருக்கு.

லோகேஸ்வரி: சொந்தமா லென்ஸ் வச்சிருக்கீங்க. அப்போ கேமரா?

குகன்: அதைத்தானே சிஸ்டர் தேடுறேன்.

லோகேஸ்வரி: கேமரா இல்லாம லென்ஸை மட்டும் யாராச்சும் வாங்குவாங்களா?

குகன்: வீடு கிடைக்கிறதுக்கு முன்னாடியே சோபா வாங்கி வைக்கிற ஆளுங்க இல்லையா? அப்புறம் அந்த மெமரி கார்டையும் எடுத்துடுங்க. என்னுதைப் போட்டுக்கிறேன்.

லோகேஸ்வரி: அது எதுக்கு?

குகன்: வீட்டுல பெரிய ஸ்கிரீன்ல போட்டுப் பார்க்கணும். நாலாயிரம் வெள்ளிக்கு மேல போனா எந்தக் கேமராவும் நல்லாத்தான் எடுக்கும். ரெண்டாயிரத்துக்குள்ள நல்லா எடுக்கிறது எதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் பாடு. ஓடுற ஆள் பின்னாடியே ஃபோகஸ் ஓடுதா, நம்ம தோலைச் சாம்பலாக் காட்டுதா, கால் மணி நேரத்துல சூடாகி அணைஞ்சிடுதா... எல்லாம் இருக்கு.

லோகேஸ்வரி: பத்து நிமிஷம் போதும்தானே? என் அண்ணன் வெளிய லோரியோட நிக்கிறான். பேட்டரியும் கால்வாசிதான் இருக்கு.

குகன்: பத்து நிமிஷத்துல சூடாகாது சிஸ்டர். கொஞ்சம் ஓட விடணும்... ஆமா, முகூர்த்தம் எப்பன்னு தெரியுமா? சும்மா கேக்கிறேன்.

லோகேஸ்வரி: நீங்கதானே ரெண்டு பக்கமும் சொந்தம்.

தனலெட்சுமி: கேமராமேன் தம்பி, இங்கயா நிக்கிறீங்க? பொண்ணைப் பெத்தவ நான் மண்டபம் பூரா தேடுறேன். ஐயர் அவசரப்படுறாரு, இன்னும் கொஞ்ச நேரத்துல தாலி கட்டு.

குகன்: வந்துட்டேன் ஆன்டி.

தனலெட்சுமி: இன்னைக்கு வேற கேமராவா? நிச்சயத்துக்குச் சாம்பல் கலர்ல சின்னதா ஒண்ணு வச்சிருந்தீங்க. நேத்து நலங்குக்குக் கறுப்புல பெருசா...

குகன்: ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு கேமரா ஆன்டி. அதான் எங்க ஸ்டைல்.

தனலெட்சுமி: என் தங்கச்சிகிட்ட அதைத்தான் சொன்னேன். ஆளு நோஞ்சானா இருந்தாலும் சாமான் நெறைய வச்சிருக்காரு, பெரிய கம்பெனியாத்தான் இருக்கும்னு. இந்தப் பொண்ணு யாரு?

குகன்: என்... அசிஸ்டெண்ட்.

தனலெட்சுமி: பசியாறிட்டியாம்மா? பின்னாடி இட்லி இருக்கு.

லோகேஸ்வரி: இல்லைங்க ஆன்டி. இப்பத்தான் வேலைக்கே சேர்ந்தேன்.

தனலெட்சுமி: சீக்கிரம் மேடைக்கு வாங்க தம்பி. என் மாமியார் வீட்டு ஆளுங்க முன்னாடி மானத்தை வாங்கிடாதீங்க.

லோகேஸ்வரி: ஆன்டி போயிட்டாங்க. சொல்லுங்க முதலாளி, அந்தச் சாம்பல் கலரு யாரோடது?

குகன்: ...பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு பேங்க் ஆபீசரோடது.

லோகேஸ்வரி: கறுப்பு?

குகன்: மேருவுல ஒரு பேக்டரி சூப்பர்வைசர். விக்க வந்தவரு நலங்குல ரெண்டு தடவை சாப்பிட்டுட்டுப் போனாரு. அந்தக் கேமராவுல எல்லாரும் மஞ்சளா விழுந்தாங்க. நலங்கா இருந்ததால தப்பிச்சேன்.

லோகேஸ்வரி: ஆக, வாங்குறேன்னு வரச் சொல்லி, டெஸ்ட் பண்றேன்னு சொல்லி, அவங்க கேமராவுல உங்க வேலையை முடிச்சிடுறீங்க.

குகன்: டெஸ்டும் பண்றேன்ல. மத்தவங்க ஒரு கேமராவுக்கு லென்ஸை மாத்துவாங்க. நான் ஒரு லென்ஸுக்குக் கேமராவை மாத்துறேன்.

லோகேஸ்வரி: சொந்தக் கேமரா இருந்ததே இல்லையா?

குகன்: இருந்துச்சு. தைப்பூசத்துல ஒரு அம்மா பால்குடத்தோட என் மேல சாய்ஞ்சுட்டாங்க. தண்ணி உள்ள போன கேமராவைக்கூடச் சரி பண்ணிடலாம். இது தயிராப் போச்சு.

லோகேஸ்வரி: குடுங்க கேமராவை.

குகன்: சிஸ்டர்...

லோகேஸ்வரி: அண்ணன் வெளிய ஹார்ன் அடிக்கிறான்.

குகன்: தாலி கட்டு வரைக்கும் மட்டும் விடுங்க. கேக் வெட்டுறதைத் திரும்ப வெட்டச் சொல்லலாம், மாலையைத் திரும்ப மாத்தச் சொல்லலாம். தாலியைத் திரும்பக் கட்டுங்கன்னு எந்த வாயால சொல்றது? இதைக் கோட்டை விட்டேன்னா அந்த ஆன்டி கிள்ளான்ல ஒரு வீடு பாக்கி இல்லாம சொல்லிடுவாங்க. அப்புறம் எனக்குப் பழையபடி தெலுக் பங்லிமா காராங் பேக்டரிதான். நைட் ஷிப்டு, டப்பாவுக்கு மூடி போடுற மிஷின்.

லோகேஸ்வரி: பேட்டரி எவ்வளவு இருக்கு?

குகன்: கால்வாசிக்கும் கம்மி.

லோகேஸ்வரி: பத்துமா?

குகன்: அணைச்சு வச்சிருந்தா பத்தும். மந்திரம் சொல்றதெல்லாம் எடுக்கப் போறதில்ல, யாரும் பார்க்கவும் மாட்டாங்க... என்ன சிஸ்டர், கேமராவைப் பார்க்காம என்னையே பார்க்கிறீங்க?

லோகேஸ்வரி: தூக்கிக்கிட்டு ஓடிடுவீங்களோன்னுதான். வாங்க, மேடைக்குப் போவோம்.

குகன்: நீங்களுமா?

லோகேஸ்வரி: அசிஸ்டெண்ட் இல்லையா நான்.

குகன்: ஐயர் தாலியை எடுத்துட்டாரு. இப்பக் கேமராவைப் போடுறேன்... அங்கிள், கொஞ்சம் தள்ளிக்குங்க... அங்கிள், அந்த ஐபேடைக் கொஞ்சம் இறக்குங்க.

லோகேஸ்வரி: இறக்க மாட்டாரு. இந்தப் பக்கம் ஆறு பேரு ஃபோனைத் தூக்கிட்டாங்க. எனக்கு மாப்பிள்ளையோட தலைப்பாகைதான் தெரியுது.

குகன்: ஒரு கையால அந்தத் தூணைப் பிடிங்க. இன்னொரு கையால என் பெல்ட்டைப் பிடிங்க.

லோகேஸ்வரி: எதை?

குகன்: பெல்ட்டை. மேடை ஓரத்துல இருந்து வெளிய சாயப்போறேன். விட்டுடாதீங்க. விழுந்தா எனக்குப் பல்லுதான் போகும், உங்களுக்குக் கேமராவே போயிடும்.

லோகேஸ்வரி: அய்யோ, ஆளு நோஞ்சான்னு சொன்னாங்க, இந்தக் கனம் கனக்குறீங்க...

குகன்: பேசாதீங்க, வீடியோவுல விழும்... கெட்டி மேளம்... ஒரு முடிச்சு... ரெண்டு... மூணு. வந்துடுச்சு. இன்னும் விடாதீங்க.

லோகேஸ்வரி: அதான் கட்டியாச்சே. எங்க திருப்புறீங்க?

குகன்: கொஞ்சம் பொறுங்க... சரி. இழுங்க.

லோகேஸ்வரி: கடைசியா யாரை எடுத்தீங்க?

குகன்: பொண்ணோட அப்பா. தூணுக்குப் பின்னாடி நின்னு துண்டுல மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தாரு. தாலியை ஆறு ஃபோனும் ஒரு ஐபேடும் எடுத்துச்சு. அவரை யாரு எடுத்தா?

லோகேஸ்வரி: போட்டுக் காட்டுங்க.

குகன்: பாருங்க.

லோகேஸ்வரி: ...ஆடவே இல்லையே.

குகன்: பெல்ட்டைப் பிடிச்ச கை அப்படி... அவ்வளவுதான், பேட்டரி போச்சு.

லோகேஸ்வரி: அவரு கண்ணைத் துடைச்சுட்டு யாராச்சும் பார்த்தாங்களான்னு ஒரு பார்வை பார்த்தாரே, அதுவும் இருக்கு.

குகன்: அதுதான் இருக்கணும். சரி சிஸ்டர், கார்டையும் லென்ஸையும் எடுத்துக்கிறேன். நல்ல கேமரா, பொய் சொல்லல. சூடே ஆகல. அந்த ஆன்டி மீதிப் பணத்தைக் குடுத்ததும் முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன். கடைசி விலையைச் சொல்லிட்டுப் போங்க.

லோகேஸ்வரி: விலை கிடையாது.

குகன்: கோவமா இருக்கீங்க. நியாயம்தான்.

லோகேஸ்வரி: இந்தாங்க, இன்னொரு பேட்டரி. முழுசா சார்ஜ் பண்ணது. ஆசீர்வாதம் வாங்குறதை எடுக்க வேணாமா?

குகன்: இது இவ்வளவு நேரம் உங்க பைலயா இருந்துச்சு? நான் அங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு... வெளிய லோரியில உங்க அண்ணன்?

லோகேஸ்வரி: எனக்கு அண்ணனே கிடையாது.

குகன்: அப்போ கேமரா விக்கிறதுக்குன்னு விளம்பரம் போட்டது?

லோகேஸ்வரி: கல்யாண வீடியோ எடுக்கிறவங்க எல்லாரும் சேம்பிள் நல்லாத்தான் காட்டுறாங்க, எடுக்கிறப்ப எப்படின்னு எப்படித் தெரியும்? கேமரா வாங்க வர்றவங்க கையில குடுத்து, எடுக்கிறதைப் பக்கத்துல நின்னு பார்க்கலாம்னுதான் விளம்பரம் போட்டேன். உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. மூணு பேருமே காசோட, நிஜமாவே வாங்கத்தான் வந்தாங்க, ஒருத்தருக்கும் எடுக்கத் தெரியல. அடுத்த மாசம் பண்டமாரான்ல எனக்குக் கல்யாணம், எங்க அப்பாவும் தூணுக்குப் பின்னாடி போய் நிக்கிற ஆளுதான்... கேமரா என்கிட்டயே இருக்கு, நீங்க லென்ஸை மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டு வாங்க.