பெட்டி தூக்கினவன்

எனக்கு முதுகு நோ இருக்குது, ஐயா. கதிரையில் கொஞ்சம் சரிஞ்சுதான் இருப்பேன், குறை நினைக்காதேங்கோ. ஆறு வருசம் சுரேந்திராவின் அம்ப்ளிஃபயர் பெட்டியைத் தூக்கினதில் வந்த நோ. நான் சொல்லுறதை இந்தப் பொலிஸ்காரருக்கு ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ.

சுரேந்திரா ஃபிஜித் தமிழன். மங்கரேயில் ஆட்டு ரோமத்தைப் பொதியாக அமுக்கிற ஸ்டோரில் எனக்குச் சோடியாக நின்றவன். வெள்ளி, சனியில் நகரத்துப் பப்புகளில் ப்ளூஸ் கிட்டார் அடிப்பான். முதலில் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கேல்லை. நான்தான் வான் ஓட்டினேன், கம்பி மாத்தினேன், வெறிகாரர் மேடையில் ஏறாமல் மறிச்சுக்கொண்டு நின்றேன். எண்பத்தாறில் அவன் வாசிச்சால் உள்ளே நிற்க இடமில்லை.

அந்த வருசம் ஒருநாள், சாப்பாட்டு நேரம், சிட்னியில் ஒரு பேண்ட் கூப்பிடுது, போறேன் என்றான்.

"நானும் வாறன்தானே?"

"அங்க பொட்டி தூக்க ஆளு இருக்காம்ணே. நீங்க இங்கேயே ஆட்டு முடியைக் கட்டிட்டு இருங்க."

பகிடியாகத்தான் சொன்னான். நானும் சிரிச்சேன்.

ரோமம் அமுக்கிற மெஷினுக்குள் கை விடுகிறவன், வேற ஆரும் அதை ஓட்டாமல், அதின் சாவியைக் கழற்றித் தன் பொக்கற்றில் போடவேணும். அதுதான் ஸ்டோர்ச் சட்டம். எங்களோட வேலை செய்த சமோவாக்காரர் கூடப்பிறந்தவனுக்கு முன்னாலும் கழற்றுவினம். எங்கட ஆக்கள் அப்பிடியில்லை. தான் அண்ணன் என்று கூப்பிடுகிற ஆள் பக்கத்தில் நிற்கச் சாவியைக் கழற்றினால், உன்னை நம்பேல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. சுரேந்திரா ஒருநாளும் கழற்றினதில்லை.

அன்றைக்குப் பின்னேரம் சாக்கு உள்ளே மடிஞ்சுபோச்சு. "பாத்துக்குங்கண்ணே" என்று இடது கையை விட்டான். கிட்டார்க் கம்பியை அமுக்கிப் பிடிக்கிற கை. நான் சாவியைத் திருப்பினேன். அரைத் திருப்புத்தான்.

நடு விரல் மூன்றும் போச்சு. விசாரிக்க வந்தவர்கள் விபத்து என்று எழுதினார்கள். சாவியைக் கழற்றாதது தன் பிழை என்று அவனே சொன்னான். நான் மறுக்கேல்லை.

அதுக்குப் பிறகு ஒன்றரை வருசம் அவனைப் பார்த்தது நான். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன், இறைச்சி வெட்டிக் குடுத்தேன். "நவரத்தினம் அண்ணன் இல்லாட்டி இவரு செத்தே போயிருப்பாரு" என்று அவன்ர மனுசி பிம்லா வாறவை போறவைக்கெல்லாம் சொன்னாள். அது நல்ல காலம்.

பிறகு, மிஞ்சின சின்னி விரலில் ஒரு உடைச்ச போத்தல் கழுத்தை மாட்டிக் கிட்டார்க் கம்பியில் இழுக்கத் தொடங்கினான். போன சனி மேடையில் ஏறினான். முந்தி அவன் அடிச்சது வெறும் விரல் வித்தை. இது வேற. ஆரோ நெஞ்சைப் பிடிச்சு இழுத்த மாதிரி இருந்தது. முன்மேசையில் ஒரு கிழட்டு வெள்ளையன் கிளாஸை வைச்சிட்டு அழுதான். முடிவில் சுரேந்திரா பேர் சொல்லி நன்றி சொன்னான். பிம்லாவுக்கு, டொக்டருக்கு, ட்ரம்ஸ்காரனுக்கு, பப்புக்காரனுக்கு.

அதுதான் இங்கே வந்தேன், ஐயா. அந்தச் சத்தம் அவனுக்கு எங்கால வந்தது? நான் திருப்பியிராட்டி அவன் இன்னும் பத்தோட ஒரு கிட்டார்காரன். வடிவாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கோ: இவ்வளவும் செய்து குடுத்த என்ர பேரை மட்டும் அவன் சொல்லேல்லை.